பதினாலாவது வளையம்

அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் இடையே ஓடும் ஒரு மினி பஸ்ஸில் என் அப்பா கண்டக்டர். அதனால் நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் சேர்ந்த செய்தி அந்த வழியிலுள்ள அத்தனை நிறுத்தங்களுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோரும் டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் என் எதிர்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

“பிசிக்ஸ் படிச்சா என்ன வேலை வே கிடைக்கும்?”

“எல்லா வேலையும் கிடைக்கும்னு சொல்லுதான்” என்பார் அப்பா.

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். குறிப்பாக எந்த வேலை என்று கேட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் சொன்னது.

விக்கிரமசிங்கபுரத்தில் ஏறும் மில் அண்ணாச்சி ஒருவர் என்னை மகேந்திரகிரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே ராக்கெட் இன்ஜினை எரித்துப் பார்க்கிறார்கள், உள்ளூர்ப் பையன் என்றால் உடனே எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி. இன்னொருவர் பேங்க் பரீட்சை என்றார். மூன்றாமவர், பி.எட். முடித்தால் பள்ளிக்கூட வாத்தியார், முடிக்காவிட்டால் டியூஷன் வாத்தியார், எப்படியும் வாத்தியார்தான் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். டாணா நிறுத்தத்தில் ஏறும் ஒரு அக்காவுக்கு மட்டும் என் எதிர்காலத்தில் அக்கறை இல்லை. “எங்க குக்கர்ல விசில் வரமாட்டேங்கு. ஒங்க மவன்ட்ட குடுத்துப் பாக்கச் சொல்லுங்க” என்று குக்கரையே பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

வெப்ப இயக்கவியல் தாளில் வகுப்பிலேயே இரண்டாவது மதிப்பெண் வாங்கியிருந்த நான், அந்தக் குக்கரை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தேன். நீராவியின் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவை ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். கடைசியில் புதுக் குக்கர் வாங்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். மூடிக்குள் கேஸ்கட்டே இல்லை என்பதை அந்த அக்காவின் எட்டாவது படிக்கும் மகள்தான் கண்டுபிடித்தாள். அதன்பிறகு கொஞ்ச நாள் டாணா வந்தால் அப்பா பஸ்ஸின் முன்வாசல் பக்கம் போய் நின்றுகொள்வார்.

இத்தனை பேர் யோசனை சொன்னாலும், எனக்கென்று ஒரு வேலையை உண்மையாகவே தயாராக வைத்திருந்தவர் என் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. சென்னையில் மளிகைக்கடை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவுக்குப் போன் செய்வார். அம்மாவிடம் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு, “போனை மருமவன்ட்ட குடு” என்பார்.

“மருமவனே, எப்பம் வாறே?”

“படிச்சுக்கிட்டு இருக்கேன் மாமா.”

“படி, படி. படிச்சுட்டு வா. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?”

பிளஸ் டூ லீவில் பத்து நாள் அந்தக் கடையில் இருந்திருக்கிறேன். காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட்டோடு ஆரம்பித்தால் ராத்திரி கடை சாத்தும்வரை நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பியபிறகும் ஒரு வாரம் என்மேல் பெருங்காய வாசனை அடித்தது. மாமா நல்லவர். கடையும் நல்ல கடை. எனக்குத்தான் நிற்க முடியவில்லை. அதோடு, வெளியே சொல்லக் கூச்சமாக இருந்த இன்னொரு காரணமும் உண்டு: எனக்கு பிசிக்ஸ் பிடித்திருந்தது. கரும்பலகையில் மேலே ஒரு மூலையில் தொடங்கி, கீழே இன்னொரு மூலையில் ஒரே வரியாகச் சுருங்கி முடியும் அந்தக் கணக்குகளைப் பார்க்கும்போது, வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்று ஆசை.

ஐந்தாவது செமஸ்டரில் ஒரு கணக்குத் தாளில் அரியர் விழுந்தது. பிறகு எழுதித் தேறிவிட்டேன் என்றாலும், அரியர் விழுந்த அன்றைக்கே அப்பா மாமாவிடம் போனில் பேசி முடித்துவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“மாப்ள, கடைசி செமஸ்டர்ல எல்லாத்துலயும் பாஸாயிட்டான்னா அவன் இஷ்டத்துக்கு மேல படிக்கட்டும். ஒண்ணே ஒண்ணுல போச்சுன்னாலும் சரி, ஒன் கடைக்கு அனுப்பிருதேன்.”

“நல்லது அத்தான். ரெண்டுல எதுன்னாலும் சந்தோசம்தான்” என்றார் மாமா.

எனக்குப் பயமே இல்லை. தியரி நன்றாக எழுதுவேன். பிராக்டிகலிலோ நான் ராஜா. அந்த ராஜாங்கம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதனையைச் செய்து, அளவுகளை எடுத்து, கணக்குப் போட்டு, விடையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது புத்தகத்தில் உள்ள வரிசை. நாங்கள் அதைக் கீழிருந்து மேலாகச் செய்வோம். ஒவ்வொரு கருவிக்கும் விடை என்ன என்பது மூத்த மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளிலிருந்து தெரியும். அந்த நோட்டுகளைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் வருஷாவருஷம் கைமாற்றிக்கொண்டிருந்தோம். விடையை முதலில் எழுதிக்கொண்டு, கால்குலேட்டரில் பின்னோக்கிப் போனால் ரீடிங் வந்துவிடும்.

இது எல்லோரும் செய்வது. என் பங்களிப்பு என்னவென்றால், நான் இதை ஒரு கலையாக வளர்த்தேன். மற்றவர்கள் தயாரிக்கும் ரீடிங் சலவை செய்த சட்டை மாதிரி இருக்கும், பார்த்தவுடன் வாத்தியாருக்குத் தெரிந்துவிடும். நான் கடைசி இலக்கத்தில் இங்கே ஒன்று கூட்டி, அங்கே இரண்டு குறைத்து, கை நடுங்கியதுபோல ஒரு இடத்தில் அடித்தும் திருத்துவேன். விடை சரியாக வராது, சற்றுத் தள்ளி வரும். அந்தத் தள்ளலையும் அளந்துதான் வைப்பேன். வகுப்பில் பாதிப் பேருக்கு ரீடிங் நான்தான் போட்டுக் கொடுத்தேன். சோதனை செய்ய அரை மணி நேரம் ஆகும் என்றால், செய்யாமலிருக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதில் இருந்த வேடிக்கை அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வகுப்பில் ஒருவன் மட்டும் என்னிடம் வாங்கமாட்டான். உவரிப் பக்கத்துப் பையன், அப்பா கடலுக்குப் போகிறவர். மூன்று வருஷமும் ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேஜை. கருவியை உண்மையாகவே உற்றுப் பார்த்து, உண்மையாகவே தப்பான விடையை எழுதிக் கொடுப்பான். புவியீர்ப்பு முடுக்கத்தை அவன் ஒருமுறை அளந்தபோது, அந்த அளவு சரியாக இருந்தால் பாளையங்கோட்டையில் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் மிதந்துகொண்டிருக்க வேண்டும்.

“ஏன்லே இந்தப் பாடு? நான் ரெண்டு நிமிசத்துல போட்டுத் தாறேன்” என்று கேட்டிருக்கிறேன்.

“இல்லலே. எனக்கு வாறது வரட்டும்” என்பான்.

அவனைப் பார்த்து எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

கடைசி செமஸ்டர் பிராக்டிகல் பரீட்சை. வேறொரு கல்லூரியிலிருந்து ஒரு மேடம் தேர்வாளராக வந்திருந்தார். நடுத்தர வயது, காட்டன் சேலை, கைப்பையில் தண்ணீர் பாட்டில். அதிகம் பேசவில்லை. சீட்டுக் குலுக்கி எடுத்ததில் எனக்கு வந்தது ‘ரிங்ஸ்’. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் லென்ஸை வைத்து, சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தை அதன்மேல் விழச்செய்தால், மைக்ராஸ்கோப்பில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கருப்பு வளையங்கள் தெரியும். வளையங்களின் விட்டத்தை அளந்து லென்ஸின் வளைவைக் கணக்கிட வேண்டும். எனக்குக் கொடுத்தது மூன்றாம் நம்பர் லென்ஸ். அதன் விடை எனக்கு என் பிறந்தநாளைப்போல மனப்பாடம். பக்கத்து மேஜையில் உவரிக்காரனுக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர்.

மூலையில் என் மேஜை. ஜன்னலுக்குக் கருப்புத் திரை. நான் திரையை ஒரு சாண் விலக்கிக்கொண்டேன், தாளில் வெளிச்சம் விழ வேண்டுமே. லென்ஸை வைத்தேன், விளக்கைப் போட்டேன், வேலையை ஆரம்பித்தேன். என் முறை இதுதான்: குனிந்து வலது கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதை மூடிக்கொள்வது. இடது கண் கீழே கணக்குத் தாளில் இருக்கும். ஒரு கை திருகைச் சும்மா திருகும், இன்னொரு கை கால்குலேட்டரைத் தட்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு விஞ்ஞானி.

இரண்டாவது வளையம், நான்காவது, ஆறாவது, எட்டாவது என்று போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குக் கணக்கு அபாரமாக ஓடியது. பத்தாவது வளையத்தில் ஒரு அழகான தவறைச் செய்து திருத்தினேன். கொஞ்சம் புழுக்கமாக இருந்தது. உழைக்கிறோம், வியர்க்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

உவரிக்காரன் மேஜைக்கு அடியில் என் காலை உதைத்தான். நான் அசையவில்லை. மறுபடியும் உதைத்தான். மூன்று வருஷம் கழித்து, கடைசி நாளில், இவனுக்குப் புத்தி வந்துவிட்டது, ரீடிங் கேட்கிறான் என்று எனக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

“பைய இரு லே. பதினாலை முடிச்சுட்டு ஒனக்குப் போட்டுத் தாறேன்” என்றேன், கண்ணை எடுக்காமல்.

“எத்தனாவது ரிங் தம்பி?” என்று பின்னாலிருந்து மேடத்தின் குரல் கேட்டது.

“பதினாலு மேடம்.”

“தெளிவாத் தெரியுதா?”

“தெரியுது மேடம்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நம்பகத்தன்மைக்காக ஒன்று சேர்த்தேன்: “ஓரத்துல கொஞ்சம் மங்கலா இருக்கு. ஆனா எடுத்துரலாம்.”

“கரண்டு போய் பத்து நிமிஷம் ஆச்சு” என்றார் அவர்.

வலது கண்ணைத் திறந்தேன். மைக்ராஸ்கோப்புக்குள் கும்மிருட்டு. தலையைத் தூக்கினேன். மின்விசிறிகள் நின்றுபோயிருந்தன. விளக்குகள் அணைந்திருந்தன. அறையிலிருந்த அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பேராசிரியர் மட்டும் நின்றுபோன மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உவரிக்காரன் வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தான், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

மேடம் என் தாளை எடுத்தார். முழுவதும் படித்தார். கோபமாகத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ரொம்ப நல்ல ரீடிங். இன்னைக்கு இந்த லேப்ல இதுதான் பெஸ்ட்” என்றார்.

அந்த நிமிஷமே நான் மாமாவின் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கால் வலித்தது. பெருங்காயம் மணத்தது.

அவர் பேனாவை எடுத்து என் அட்டவணையின் குறுக்கே ஒரே கோடாக இழுத்தார். “கரண்டு வந்ததும் முதல்லேர்ந்து எடுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன். இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு. எடுத்தா எடுத்ததுக்கு மார்க். எடுக்கலைன்னா இல்ல.”

ஜெனரேட்டர்காரர் எங்கிருந்தோ வந்து ஜெனரேட்டரை உயிர்ப்பித்தார். நான் சோடியம் விளக்கைப் போட்டேன். அது மஞ்சளாக எரியவில்லை. ரோஸ் நிறத்தில் மினுங்கியது.

“மேடம், லைட் ரிப்பேர்” என்றேன், கொஞ்சம் நம்பிக்கையோடு.

“அது அப்படித்தான் ஆரம்பிக்கும். சூடாகணும்” என்றார். “இதுக்கு முன்னாடி நீங்க போட்டதே இல்லையா?”

போட்டிருக்கிறேன். பார்த்ததில்லை.

விளக்கு மஞ்சளானதும் குனிந்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணைத் திறந்துவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். என் கண்ணிமை முடி தெரிந்தது. தலையைச் சரிசெய்தால் வெறும் மஞ்சள். வளையம் எதுவும் இல்லை. மேலும் கீழும் திருகினேன். தூசி தெரிந்தது, கீறல் தெரிந்தது, வளையம் மட்டும் இல்லை. ஐந்து நிமிஷம் போயிற்று. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

உவரிக்காரன் தன் ஸ்பெக்ட்ரோமீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், சுவரிடம் சொல்வதுபோல, “லென்ஸ் தலைகீழா இருக்கும்போல” என்றான்.

“நீங்க உங்க வேலையைப் பாருங்க” என்றார் மேடம் அவனிடம். ஆனால் அவன் சொன்னதை மறுக்கவில்லை.

லென்ஸை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். தட்டையான பக்கம் கீழே இருந்தது. வளைந்த பக்கம் கீழே இருந்தால்தான் வளையம் உண்டாகும், இது தியரியில் இரண்டு மார்க் கேள்வி. அதாவது, கரண்டு இருந்த நேரத்தில் எடுத்த ரீடிங்கும் இல்லாத வளையங்களுக்குத்தான். கரண்டுமேல் எந்தப் பழியும் போட முடியாது.

திருப்பி வைத்தேன். பார்த்தேன். நடுவில் ஒரு கரும்புள்ளி. அதைச் சுற்றி வளையம், அதைச் சுற்றி வளையம், வெளியே போகப்போக நெருக்கமாகி, ஓரத்தில் நூல் நூலாக. மைக்ராஸ்கோப்பைத் திருகினால் அப்படியே நகர்ந்துவந்தன. புத்தகத்தில் போட்டிருந்த படத்தைவிட நன்றாக இருந்தன.

“மேடம், நெசமாவே இருக்கு” என்றேன், என்னை அறியாமல்.

“இருக்கும்” என்றார் அவர்.

பிறகு நடந்ததுதான் பரிதாபம். வளையத்தை எண்ணிக்கொண்டே திருக வேண்டும். ஒன்பது என்று நினைக்கும்போது மூச்சுவிட்டேன், எட்டா பத்தா என்று மறந்துபோனது. திரும்ப நடுவிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் முறை திருகைப் பின்பக்கமாகத் திருகிவிட்டேன். மூன்றாம் முறை பன்னிரண்டு வரை போனேன். நேரம் முடிந்துவிட்டது. கணக்குப் போட்டால், எட்டாவது வளையத்தைவிடப் பத்தாவது வளையம் சின்னதாக வந்தது.

“மேடம், இதை மட்டும் சரி பண்ணிக்கட்டுமா?”

“வேண்டாம். அப்படியே எழுதுங்க.”

எழுதினேன். வந்த விடைக்கும் சரியான விடைக்கும் இடையே மினி பஸ் ஓடலாம். கடைசியாக அவர் வாய்மொழிக் கேள்வி கேட்டார். நடுவில் ஏன் புள்ளி கருப்பாக இருக்கிறது? சொன்னேன். இடைவெளியில் தண்ணீர் நிரப்பினால் வளையம் என்னவாகும்? சொன்னேன். இன்னும் மூன்று கேட்டார். தடையில்லாமல் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“இவ்வளவு தெரியுதே. அப்புறம் ஏன் பாக்கல?”

“பாத்தா சரியா வராது மேடம்” என்றேன்.

என்னைப் பற்றி அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவர் சிரித்தாரா என்பது நினைவில்லை. மார்க்கை நான் பார்க்க முடியாதபடி கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்.

ரிசல்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் மாமாவின் போன் வந்தால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். வீட்டில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உவரிக்காரன் மட்டும் வாரம் ஒருமுறை கூப்பிட்டு, “என்னலே, இருட்டுல இப்பம் கண்ணு நல்லாத் தெரியுதா?” என்று நலம் விசாரிப்பான்.

ரிசல்ட் வந்த அன்று அப்பாவுக்கு விடுமுறை. போனில் பக்கத்தைத் திறந்தேன். தியரித் தாள்கள் எல்லாவற்றிலும் நல்ல மார்க். அதற்குக் கீழே பிராக்டிகல். தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. மேடம் அதையும் அளந்துதான் வைத்திருந்தார்.

அப்பா போனை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். டிக்கெட் பரிசோதகர்களிடமிருந்து கற்றுக்கொண்ட படிப்பு அது.

“மத்ததுல எல்லாம் இம்புட்டு வாங்கிட்டு, இதுல மட்டும் ஏம்லே இப்படி?”

“நடுவுல கரண்டு போயிட்டுப்பா.”

“ஒனக்கு மட்டுமா போச்சு?”

“எல்லாருக்கும்தான்.”

“அவனுவ என்ன செஞ்சானுவ?”

“நிப்பாட்டிட்டு உக்காந்திருந்தானுவ.”

“நீ?”

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். ஏறி இறங்குகிற கூட்டத்தில் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவர். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முழுவதையும் என்னிடமிருந்து வாங்கினார், மூடிய வலது கண் உட்பட. சிரிக்கவும் இல்லை, கையை ஓங்கவும் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டு, “ஒன் மவன் என்ன செஞ்சிருக்கான் தெரியுமா?” என்று ஆரம்பித்து, சொல்ல முடியாமல் விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மாமா கூப்பிட்டார். ரிசல்ட் அன்றைக்கு என்பதை எப்படியோ தெரிந்துவைத்திருந்தார். அப்பா போனை எடுத்தார். பாஸ் என்றால் பாஸ், பேச்சு அதுதான். ஆனால் அப்பா நினைத்தால் பேச்சை மாற்றலாம், அன்றைக்கு அதற்கு அவரிடம் எல்லா நியாயமும் இருந்தது.

“பாஸாயிட்டான் மாப்ள. ஆமா, எல்லாத்துலயும்தான்... இல்ல, அங்க வரமாட்டான். மேல படிக்கட்டும்.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “வருத்தப்படாத. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். இவன் கடைக்கு ஆவமாட்டான். தராசைப் பாக்காமலே எடை சொல்லுவான்.”

அந்தப் பக்கம் மாமா சிரித்தது எனக்கே கேட்டது. அப்பா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எம்.எஸ்சி.லயும் பிராக்டிகல் உண்டுமா?”

“உண்டுப்பா.”

“போய் அப்ளிகேசனைப் போடு” என்று சொல்லிவிட்டு, குளிக்கத் துண்டைத் தேடிக்கொண்டு போனார்.